நீரும் உப்பும் சர்க்கரையும்



உயிர்ப்பொருள்களின் இரசாயனத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும்போது, நீரை ஒரு பாடமாகவும், தாது உப்புக்களை மற்றொரு பாடமாகவும், மாவுச்சத்தை மூன்றாவது பாடமாகவும் வைக்கிறோம். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே கற்பித்தேன். இம்மூன்றும் உடலுக்குள் ஒன்றையொன்று துணைக்கொண்டே இயங்குகின்றன என்பதை எடுத்துரைக்கத் தவறினேன். அத்தவறு என்னுடையது மட்டுமன்று; மருத்துவ உலகமும் நூறாண்டுகளுக்கு மேலாக அதனைச் செய்து வந்தது. அதற்கு ஈடாகச் சென்றவை எண்ணற்ற உயிர்கள். அந்த வரலாற்றையே இன்று சொல்ல விழைகின்றேன்.

வளர்ந்த மனிதனுடைய உடலின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீரே ஆகும். அந்நீர் வெறும் நீரன்று; பல உப்புக்கள் கரைந்த நீர். சாதாரண உப்பை நீரிலிட்டால் அது சோடியம், குளோரைடு என்னும் இருவகை அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது. உடலில் உப்பு எங்குச் செறிகிறதோ அங்கு நீரும் செல்லும். இந்த ஒரு விதியை மனத்திற் கொண்டால், காலரா என்னும் வாந்திபேதி மனிதனைக் கொல்லும் வகை விளங்கிவிடும். அந்நோய்க் கிருமியின் நஞ்சு தாக்கியதும் சிறுகுடலின் சுவர் குளோரைடை இடைவிடாது வெளியேற்றுகிறது. சோடியமும் நீரும் அதனைப் பின்தொடர்கின்றன. சில மணி நேரத்தில் உடல் வற்றி, இரத்தம் தடித்து, நாடி ஒடுங்குகிறது.

1831ஆம் ஆண்டு பிரிட்டனில் காலரா பரவியபோது, ஓஷாக்னஸி என்னும் இளம் அயர்லாந்து மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அது நீரையும் உப்பையும் இழந்திருப்பதைக் கண்டறிந்தார். மறு ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் லீத் நகரத்து மருத்துவர் தாமஸ் லாட்டா, உப்புநீரைச் சிரைவழியே ஏற்றி, சாகுந்தறுவாயில் இருந்த சிலரைப் பிழைக்கச் செய்தார். ஆயினும் அம்முறை விரைவில் கைவிடப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் அதனை மீண்டும் கையாண்டு, இறப்பைப் பெரிதும் குறைத்தார்.

சிரைவழியே ஏற்றுவதற்குத் தூய்மை செய்த நீர் வேண்டும், ஊசி வேண்டும், பழகிய கை வேண்டும். காலரா மிகுந்த சிற்றூர்களில் இவை ஏது? உப்புநீரை வாயால் குடிக்கச் செய்யலாமே எனில், நோயுற்ற குடல் அதனை ஏற்றுக்கொள்ளாமல் வெளியேற்றிவிட்டது.

1953இல் கல்கத்தா மருத்துவர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்து 186 நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்ததை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். அதனை உலகம் பொருட்படுத்தவில்லை. 1960இல் பிராகு நகரில் கூடிய அறிஞர் அவையில், இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் அதற்கு விளக்கமாக அமைந்த கருத்தை உரைத்தார். சிறுகுடலின் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து நுழையும் வாயில் ஒன்று உண்டு. ஒன்றில்லாமல் மற்றொன்று அவ்வாயிலைக் கடப்பதில்லை என்பதே அது. இவ்விரண்டும் உள்ளே சென்றால் நீரும் உடன் செல்லும். நோயின் நஞ்சு இந்த வாயிலை அடைப்பதில்லை. ஆதலின், உப்பு உள்ளே செல்லாமல் தவித்ததற்குக் காரணம் சர்க்கரையாகிய துணை இல்லாமையே. 1968இல், அன்று கிழக்குப் பாகிஸ்தானைச் சேர்ந்த டாக்கா நகரில், டேவிட் நாலின், ரிச்சர்டு காஷ் என்னும் மருத்துவர்கள் இதனை நோயாளிகளிடத்தே அளந்து மெய்ப்பித்தனர்.

1971இல் வங்கதேசப் போரினால் இலட்சக்கணக்கானோர் எல்லை கடந்து வந்தனர். மேற்கு வங்கத்துப் பன்காவ் முகாமில் காலரா புகுந்தது. சிரைவழி ஏற்றும் உப்புநீர் தீர்ந்துபோயிற்று. அங்கிருந்த மருத்துவர் திலீப் மகலானவீஸ், ஒரு லிட்டர் நீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று அளந்து பொட்டலங்கள் கட்டச் செய்தார். அதனைக் கரைத்துப் புகட்டியவர்கள் பெரும்பாலும் நோயாளிகளின் உற்றார் உறவினரே. 30 விழுக்காடு அளவிலிருந்த இறப்பு, அம்மருந்துண்டவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. 2022இல் அவர் மறைந்தார். மறு ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பட்டது.

2002இல் உலக சுகாதார நிறுவனம் இப்பொட்டலத்தின் அளவுகளைத் திருத்தி அமைத்தது. பொட்டலம் கிடைக்காதவிடத்து, ஒரு லிட்டர் தூய நீரில் ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் தலைதட்டி அளந்து கரைக்கலாம். உப்பு மிகுந்தால் குழந்தைக்குத் தீங்கு. சர்க்கரை மிகுந்தால் பேதி வளரும். ஆதலின் அளவே உயிர்.

ஓஷாக்னஸி நோயின் காரணத்தைக் கண்ட நாளுக்கும் பன்காவ் முகாமுக்கும் இடையே 140 ஆண்டுகள் கழிந்தன. மருந்தின் பொருள்கள் எல்லா வீட்டு அடுக்களையிலும் அன்றும் இருந்தன. அவற்றை ஒன்றாகக் காணும் கண்தான் இல்லை. இன்று வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களை நான் வேண்டுவது ஒன்றே: மூன்று பாடங்களையும் நடத்தி முடித்தபின், ஒரு குவளை நீரில் மூன்றையும் கலந்து பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அந்த நான்காவது பாடம் என்றேனும் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.