காற்றின்மேல் ஓடும் வண்டி

வண்டியில் ஏறி அமர்ந்தவனுக்கும் அவன் செல்லும் பாதைக்கும் இடையே நின்று அவனைக் காப்பது எது? இருக்கையின் மெத்தை என்பர் சிலர்; அச்சின்மேல் பொருத்திய வில் என்பர் வேறு சிலர். இரண்டும் உண்மையே. ஆயினும், பாதையிலுள்ள கல்லையும் பள்ளத்தையும் முதன்முதலில் எதிர்கொண்டு ஏற்பது, சக்கரத்தைச் சூழ்ந்த ரப்பர் வளையமும் அதனுள் அடைபட்ட காற்றுமே ஆகும். அந்தக் காற்று சக்கரத்துக்குள் எவ்வாறு புகுந்தது, யார் யார் உழைப்பால் அது நம் வாசல்வரை வந்தது என்பதே இங்கு நாம் காணவிருக்கும் வரலாறு.

பெங்களூர் நகரிலுள்ள நீலசந்திராவை எடுத்துக்கொள்வோம். 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அமைத்த கன்டோன்மென்ட் என்னும் பட்டாளக் குடியிருப்பைத் தொடர்ந்து, அதனைச் சூழ்ந்த பகுதிகளில் தமிழர் பலர் வந்து குடியேறினர். இன்றும் நீலசந்திராவிலும், அடுத்துள்ள ஆஸ்டின் டவுன், விவேக் நகர் ஆகிய இடங்களிலும் தமிழோசை கேட்கலாம். இங்குள்ள தெருக்கள் குறுகியவை, வேகத்தடைகள் மிகுந்தவை, மழைக்காலம் வந்துவிட்டால் பள்ளங்களும் மிகுந்தவை. அதே வண்டி, வாரக் கடைசியில் ஓசூர் சாலை வழியே கிருஷ்ணகிரிக்கோ சேலத்துக்கோ செல்லும்போது, நெடுஞ்சாலையில் விரைந்தும் ஓடவேண்டியிருக்கிறது. முதுகுவலியால் வருந்தும் முதியவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்வதும் அந்த வண்டியே. அதன் டயர்கள் தேய்ந்துபோன நாளில், குலுக்கலைக் குறைக்கும் புதிய டயர் எது என்று உரிமையாளர் வினவுவது இயல்பு. கடைக்காரர் ஒன்று சொல்வார். நண்பர் ஒன்று சொல்வார். வரலாறும் ஒன்று சொல்கிறது. அதையும் கேட்டுவிட்டு முடிவு செய்வது நலம்.

சக்கரம் தமிழர்க்குப் புதியதன்று. குடம், ஆரக்கால், வட்டை, அச்சு, கடையாணி என ஒவ்வோர் உறுப்புக்கும் நம் மொழியில் பெயர் உண்டு. உப்பு வணிகராகிய உமணர், வழியில் அச்சு முறிந்தால் உதவும்பொருட்டுச் சேம அச்சு ஒன்றை வண்டியின் அடியில் கட்டிச் சென்றனர் என்பதைப் புறநானூற்றால் அறிகிறோம். இன்றைய கார்களில் கூடுதலாக வைத்திருக்கும் ஐந்தாவது சக்கரத்துக்கு அதுவே முன்னோடி எனலாம். மரச்சக்கரம் தேயாதிருக்க இரும்புப் பட்டை பூட்டினர். கொல்லர் பட்டையைத் தீயில் காய்ச்சுவார். சூட்டில் விரிந்த பட்டையைச் சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார். குளிர்ந்து சுருங்கிய பட்டை, சக்கரத்தின் உறுப்புகளை எல்லாம் இறுகப் பிணித்துவிடும். உறுதிக்கு அது போதும். ஆனால், உறுதியே சுகமாகிவிடாது. இரும்புப் பட்டை பாதையின் ஒவ்வோர் அதிர்ச்சியையும் குறையாமல் மேலே அனுப்பிவிடும். மாடும் வருந்தியது, மனிதரும் வருந்தினர்.

அந்த வருத்தத்தைத் தீர்க்க முதன்முதலில் காற்றை நாடியவர் ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். ரப்பர் பூசிய துணியாலான குழாயைத் தோலுறைக்குள் வைத்துக் காற்றடைத்து, அதனைக் குதிரை வண்டிச் சக்கரத்தில் பூட்டும் முறைக்கு 1845-ஆம் ஆண்டில் அவர் உரிமைப் பத்திரம் பெற்றார். 1847-இல் லண்டனில் உள்ள ரீஜன்ட் பூங்காவில் அவ்வண்டிகள் ஓடின. ஓசை குறைந்தது, இழுப்பதும் எளிதாயிற்று. எனினும் ரப்பரின் விலை மிகுதி. விரைந்தோடும் வண்டிகளும் அன்று இல்லை. தேவை தோன்றுமுன் பிறந்த அக்கருவி மறக்கப்பட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின், பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டி கல் பரப்பிய தெருவில் குலுங்குவதைத் தணிக்க எண்ணி, காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் கட்டினார். 1888-இல் அதற்கு உரிமை பெற்றார். தாம்ஸனின் பழைய பத்திரம் பின்னர் வெளிப்படவே, அவ்வுரிமை செல்லாதாயிற்று. ஆயினும் பயன் நிலைத்துவிட்டது. 1889-இல் பெல்ஃபாஸ்டில் நடந்த சைக்கிள் பந்தயத்தில், வில்லி ஹியூம் என்பவர் காற்று டயர் பூட்டிய வண்டியில் வந்து வெற்றி பெற்றார். குலுக்கலைக் குறைப்பதற்காகச் செய்த பொருள், வேகத்தையும் கூட்டியது கண்டு உலகம் வியந்தது. காரணம் எளியது. கல்லின்மேல் மோதிய கெட்டிச் சக்கரம், தன்மேலுள்ள பாரம் முழுவதையும் மேலே தூக்கவேண்டும். அதில் ஆற்றல் வீணாகும். காற்றுச் சக்கரமோ, கல்லைத் தன்னுள் சிறிது அமிழ்த்திக்கொண்டு கடந்துவிடும்.

டயர் பெருகியதும் ரப்பருக்கு உலகெங்கும் பசி பிறந்தது. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேஸில் நாட்டிலிருந்து ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை லண்டனிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றிலிருந்து முளைத்த கன்றுகள் இலங்கைக்கும், பின்னர் சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் சென்றன. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்தார். அந்தப் பாலை எடுத்த கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். தஞ்சை, திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகவும், கங்காணிகளின் மூலமாகவும் கப்பலேறியவர்கள், பொழுது புலருமுன் எழுந்து பால்மரக் காடுகளில் மரம் சீவினர். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும் என்பதனால் விடியலே அவர்கள் வேலைநேரமாயிற்று. மலேயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910-இல் முடிவுற்றது. உதவி பெற்றுச் செல்லும் கூலிக் குடியேற்றத்தை 1938-இல் இந்திய அரசாங்கம் தடுத்தது. செல்வர் ஏறிய மோட்டாரின் சுகம், ஏழைத் தமிழரின் விடியற்காலத்தில் விளைந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இதற்கிடையே டயரும் வளர்ந்தது. 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோவுக்குச் சென்று திரும்பும் மோட்டார்ப் பந்தயத்தில், பிரான்ஸ் நாட்டு மிஷலின் சகோதரர் காற்று டயர் பூட்டிய காரை ஓட்டினர். வழியெல்லாம் பஞ்சர், வெற்றி கிட்டவில்லை, ஆயினும், மோட்டாரும் காற்றின்மேல் ஓடும் என்பது மெய்ப்பட்டது. தொடக்கத்தில் டயர்கள் மெலிந்தவை, காற்றை மிக அழுத்தி அடைக்கவேண்டியவை, எனவே விறைப்பானவை. 1923-இல் ஃபயர்ஸ்டோன் நிறுவனம், ‘பலூன்’ டயர் எனப்பட்ட அகன்ற டயரை வெளியிட்டது. கொள்ளும் காற்று மிகுதி, அழுத்தம் குறைவு. ஆதலால் சவாரி மென்மையாயிற்று. சவாரியின் மென்மைக்கு உரிய அடிப்படை விதி இதுவே.

அடுத்த பெரும் மாற்றம் டயரின் உள்ளே இருக்கும் நூல்களில் நிகழ்ந்தது. பழைய டயரில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து செல்லும். 1946-இல் மிஷலின் நிறுவனம் உரிமை பெற்று 1949-இல் விற்பனைக்குக் கொணர்ந்த ரேடியல் டயரிலோ, நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். தரையைத் தொடும் பகுதியின் அடியில் எஃகுக் கம்பி வலை சுற்றியிருக்கும். பக்கச்சுவர் எளிதில் வளையும். தரையைத் தொடும் பகுதி உறுதியாய் நிற்கும். தேய்மானம் குறைந்தது, பிடிப்பு மிகுந்தது. ஆனால் ஒரு குறையும் தோன்றிற்று. எஃகு வலையின் விறைப்பால், மெதுவாகச் செல்லும்போது சிறு கற்களின் தட்டல் முன்னிலும் கூர்மையாக உணரப்பட்டது. டயருக்கு ஏற்பக் காரின் வில்களையும் இணைப்புகளையும் திருத்தி அமைத்த பின்னரே அக்குறை தணிந்தது. டயர் தனித்த பொருளன்று. வண்டியோடு சேர்ந்தே அது சுகம் தருகிறது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

நம் நாட்டில் டன்லப் நிறுவனம் 1936-இல் வங்காளத்துச் சாகாகஞ்சில் டயர் செய்யத் தொடங்கியது. 1942-இல் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் வசமானபின், ரப்பர் கிடைப்பது அரிதாயிற்று; டயருக்குக் கட்டுப்பாடு வந்தது. தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை போட்டு ஓட்டுவது அக்காலத்தில் சிக்கனம் மட்டுமன்று, கட்டாயமுமாயிற்று. சென்னைத் திருவொற்றியூரில் 1946-இல் பலூன் பொம்மைகள் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளை, 1952-இல் அத்தகைய பட்டை ரப்பரைச் செய்யலானார். 1961-இல் அவரது மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி டயர்களையே வெளியிட்டது. 1977-இல் ஜே.கே. நிறுவனம் இந்தியாவில் ரேடியல் டயரைக் கொணர்ந்தது. மைசூரில் கர்நாடக அரசின் ஆதரவில் தோன்றிய விக்ராந்த் தொழிற்சாலை 1997-இல் அதே நிறுவனத்தின் வசமாயிற்று. தட்டுப்பாட்டுக் காலத்தில் கிடைத்ததை வாங்கினோம். இன்றோ தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்முடையதாகிவிட்டது.

இனி, இவ்வரலாற்றின் துணையோடு நீலசந்திராக் காரரின் வினாவுக்கு விடை காண்போம். அவர் காரின் டயரில் 185/65 ஆர் 15 என்றும், அதையடுத்து 88 எச் என்றும் எழுதியிருப்பதாகக் கொள்வோம். 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. ஆர் என்பது ரேடியல். 15 என்பது அங்குலத்தில் சக்கர வட்டின் அளவு. ஆகவே பக்கச்சுவர் ஏறக்குறைய 120 மில்லிமீட்டர். அழகு கருதிப் பெரிய வட்டுப் பூட்டி 205/50 ஆர் 16 டயர் வாங்கினால், பக்கச்சுவர் 102 மில்லிமீட்டராகக் குறையும். பள்ளத்தை விழுங்கும் காற்று அந்த அளவுக்குக் குறைந்தது, குலுக்கல் கூடும், பள்ளத்தில் வட்டே அடிபடவும் கூடும். பழைய அம்பாஸிடர் கார் பூட்டிவந்த 5.90-15 டயரின் உயர்ந்த பக்கச்சுவரும், அதன் சவாரியைப் பற்றி இன்றும் பலர் பேசுவதும் தொடர்பற்றவை அல்ல.

88 என்பது ஒரு டயர் 560 கிலோகிராம் பாரம் தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேகத்துக்கு அது உரியது என்பதையும் குறிக்கும். இவ்வெண்களில் வண்டிக்கு விதித்ததைவிடக் குறைந்ததை வாங்குதல் ஆபத்து. மிகக் கூடியதை வாங்கினாலோ, கட்டமைப்பு உறுதிப்பட்டுச் சவாரி விறைக்கலாம். ஆகவே, தயாரிப்பாளர் விதித்த அளவிலேயே, பக்கச்சுவர் நன்கு வளையும், ஓசை குறைந்த, சுகத்தைக் கருதிச் செய்த வகையைத் தேர்ந்தெடுத்தல் தகும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்கவேண்டும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் பார்க்கவேண்டும். 2324 என்றிருந்தால், 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது எனப் பொருள். நெடுநாள் கிடந்த ரப்பர் இறுகிப்போகும். தேயாதிருப்பினும் மென்மை அதில் இராது.

செலவில்லாத சுகம் ஒன்றும் உண்டு. சாரதியின் கதவோரத்தில் எழுதியுள்ள அளவுக்கு, டயர் சூடேறுமுன் காற்றடைப்பதே அது. மிகுதியாக அடைத்தால் வண்டி துள்ளும். குலுக்கல் குறையட்டும் என்று காற்றைக் குறைப்பதோ பொய்ச் சுகம். பக்கச்சுவர் ஓயாமல் மடங்கிச் சூடேறி, நெடுஞ்சாலை வேகத்தில் வெடிக்க அது வழிசெய்யும். புது டயர் போட்ட பின்னும் குலுக்கல் நீங்காவிடில், அதிர்வு தாங்கிகளையும் இணைப்பு ரப்பர்களையும் சோதிப்பது முறை.

வண்டியில் ஏறும் முதியவர்க்கு நாம் செய்யும் உதவி, விலையுயர்ந்த டயரை வாங்கித் தருவதன்று. ஏற்ற டயரை ஏற்ற காற்றோடு ஓட்டுவதே ஆகும். டன்லப் தம் மகனுக்காகத் தேடியதும் அவ்வளவே. பால்மரக் காட்டில் விடியுமுன் எழுந்த நம்மவர் உழைப்பு உலகுக்கு அளித்த பொருளை, அதன் தன்மையறிந்து பயன்படுத்துதல் நம் கடமை.