பாலையில் வாயு, ஏரிக்கரையில் வீடு

வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் லால்பேட்டை, கொடிக்கால் வெற்றிலைக்கும் மன்பவுல் அன்வார் அரபிக் கல்லூரிக்கும் பெயர் பெற்ற ஊர். அதன் கடந்த ஐம்பதாண்டு வரலாற்றை எழுத உட்காருபவர் அபுதாபியையும் துபாயையும் விட்டுவிட்டு எழுத முடியாது. 1973 அக்டோபரில் பீப்பாய் 3 டாலர் அளவில் விற்ற கச்சா எண்ணெய், 1974 ஜனவரிக்குள் 12 டாலரை நெருங்கியது. அதுவரை பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிய தமிழ் முஸ்லிம்களின் சபர், அதாவது பிழைப்புத் தேடிப் போகும் பயணம், மேற்கே திரும்பியது. லால்பேட்டையும் அந்த வழியில் போயிற்று. இதைச் சுட்டி இன்று ஒரு வாதம் வைக்கப்படுகிறது. பாலைவன எண்ணெய்யும் வாயுவும் தந்த காசில் மாடி வீடு கட்டிக்கொண்டவர்கள், தங்கள் பக்கத்து வயலில் வாயுக் கிணறு இறக்க வந்தால் மட்டும் ஏன் மறிக்கிறார்கள் என்பது அந்த வாதம். நியாயம்போல் ஒலிக்கும் இந்தக் கேள்வி, பாலைவன வாயுவயல்களின் வரலாற்றைப் பாதி மட்டும் படித்ததால் வருகிறது என்பதே என் கட்சி.

முதலில் தொழிலைப் பார்ப்போம். பூமிக்கடியில் ஆவியாக இருந்து, மேலே வந்து குளிர்ந்ததும் பெட்ரோல் போன்ற தெளிந்த எண்ணெயாக மாறுவதைக் கண்டென்சேட் என்கிறார்கள். அது கலந்திருக்கும் வாயுவயல் அவசரக்காரனுக்கு உகந்ததல்ல. கண்டபடி உறிஞ்சினால் அடியில் அழுத்தம் குறையும். ஓர் அளவுக்குக் கீழே போனதும் அந்த விலையுயர்ந்த பகுதி பாறைத் துளைகளுக்குள்ளேயே திரவமாகித் தங்கிவிடும், பிறகு எளிதில் மேலே வராது. ஆகவே மேலே வந்த வாயுவிலிருந்து திரவத்தைப் பிரித்துக்கொண்டு, உலர்ந்த வாயுவை மறுபடியும் பூமிக்குள்ளேயே அழுத்தி அனுப்புவார்கள். சஹாராவில் 1956-இல் கண்டுபிடிக்கப்பட்ட அல்ஜீரியாவின் ஹாஸி ரமெல் வயல் இந்த முறையில் வேலை நடந்த பெரிய வயல்களில் ஒன்று. அபுதாபி இந்தப் பொறுமையைத் தாமதமாகவே கற்றது. 1960களில் அங்கே எண்ணெய்யோடு வந்த வாயுவை வானத்தில் எரித்துத் தீர்த்தார்கள். 1971-இல் அட்னாக் என்னும் அரசு எண்ணெய் நிறுவனம் உருவானது; 1977-இல் தாஸ் தீவிலிருந்து திரவமாக்கிய வாயு ஜப்பானுக்குக் கப்பலேறியது; உள்நாட்டுப் பாலையின் வாயுவைச் சேகரிக்க 1978-இல் தனி நிறுவனம் வந்தது. ஹப்ஷான் போன்ற பெரிய வாயு நிலையங்கள் மணலுக்கு நடுவே வளர்ந்தது அதன் பின்னர்தான்.

அந்த வாயு எங்கே போயிற்று என்று கேட்டால்தான் கதையின் மறுபாதி விளங்கும். ஒரு பகுதி ஏற்றுமதியானது, ஒரு பகுதி பூமிக்குள்ளேயே திரும்பியது. மற்றொரு பெரும் பகுதி மின்நிலையங்களுக்கும், அவற்றோடு சேர்ந்தே நிற்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளுக்கும் போயிற்று. ஆறும் ஏரியும் இல்லாத நாட்டில் குழாயில் வரும் தண்ணீரே வாயுவின் விளைபொருள். அந்த ஊர்க்காரருக்கு வாயு எடுப்பது தண்ணீர் கிடைப்பதற்கான வழி. வீராணத்துப் பாசனத்திலோ கணக்கு தலைகீழ். பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி, கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் காவிரித் தண்ணீரைத் தேக்கிச் சம்பாவுக்கும் கொடிக்காலுக்கும் தருகிறது. 2004 முதல் சென்னையும் அதில் பங்கு குடிக்கிறது. தண்ணீர் முன்பே இருக்கும் நிலத்தில் வாயுக் கிணறு தண்ணீரைக் கூட்டப்போவதில்லை. கெடுக்காமல் இருந்தால் அதுவே பெரிது.

கெடுக்காது என்பார்கள் துறை அறிந்தவர்கள். வாயு ஆயிரம், இரண்டாயிரம் மீட்டருக்கும் கீழே கிடக்கிறது, குடிநீர் ஊற்று அதற்கு வெகு மேலே, நடுவில் இரும்புக் குழாயும் சிமெண்டும் இருக்கின்றன. இது பொய்யில்லை, காவிரிப் படுகையில் 1960கள் தொட்டே துளையிட்டு வருகிறார்கள், நரிமணத்தில் 1980கள் முதல் எண்ணெய் வருகிறது. ஆனால் உழவன் சிமெண்டை நம்பியா வாழ்கிறான்? அவன் கண்முன்னே நடந்ததை வைத்தல்லவா எடைபோடுவான்? 2017 ஜூன் 30 அன்று இதே படுகையில் உள்ள கதிராமங்கலத்தில் குழாய் கசிந்து எண்ணெய் வயலில் பரவியது. கேள்வி கேட்டுக் கூடியவர்கள்மேல் தடியடியும் கைதும் நடந்தன. லால்பேட்டைக்கு வடக்கே நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுப்பதற்காக நிலத்தடி நீரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இராப்பகலாக இறைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஜூலையில் அந்தச் சுரங்கத்துக்காக வளையமாதேவியில் வாய்க்கால் வெட்ட, விளைந்து நின்ற பயிரின்மேல் இயந்திரம் ஏறியது. இது நிலக்கரி, அது வாயு என்று பிரித்துச் சொல்வது கோப்பில் எழுதச் சரி. நிலத்தை இழக்கிறவனுக்கு இரண்டுக்கும் பின்னால் நிற்கும் அதிகாரம் ஒன்றுதான்.

வேலை கிடைக்குமே என்பது இன்னொரு சமாதானம். வளைகுடா அனுபவமே அதற்குப் பதில். வாயு நிலையம் கட்டும்போது வெல்டரும் ஃபிட்டரும் சாரம் கட்டுகிறவரும் கேம்ப் சமையல்காரரும் ஆயிரக்கணக்கில் வேண்டும்; கட்டி முடிந்தபின் அதை ஓட்டச் சில நூறு பேர் போதும். மற்றவர்கள் ஒப்பந்தம் முடிந்ததும் விமானம் ஏற வேண்டியதுதான். விசா வேலையோடு கட்டப்பட்டது, குடியுரிமை பேச்சுக்கே இல்லை. இங்கிருந்து போனவர்கள் எல்லாரும் வாயு நிலையத்தில் நின்றார்கள் என்றும் இல்லை. மளிகைக்கடை, ஓட்டுநர் இருக்கை, சமையற்கட்டு, அலுவலகம் என்று அந்த வாயுப் பணம் ஓடிய எல்லா வாய்க்கால்களிலும் இருந்தார்கள். எங்கே நின்றாலும் நிபந்தனை ஒன்று: ஒருநாள் ஊர் திரும்ப வேண்டும். பாலைவனத்து வாயுத் தொழில் வேலையாளின் முதுமையையும் நோயையும் பிள்ளைகளின் படிப்பையும் தன் செலவுக் கணக்கில் எழுதியதில்லை. அந்தச் செலவைத் தாங்கியது ஊர். திரும்பி வர ஓர் ஊர் இருந்ததால்தான் அந்த முறை இத்தனை காலம் ஓடியது. அப்படியிருக்க, சபர் காசில் வாழ்ந்தவர் ஊர் நிலத்தைக் காப்பதில் முரண் எங்கே இருக்கிறது?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நஞ்சையை மனைக்கட்டாக்கியதில் வளைகுடாப் பணத்துக்கும் பங்கு உண்டு. வாயுக் கிணற்றை எதிர்த்துப் பேசும் வாய், வயலில் கல் நடுவதைப் பற்றியும் பேசவேண்டும். பாலை என்றால் ஆளில்லாத இடம் என்று நினைப்பதும் தவறு. ஒட்டகம் மேய்த்த பதூக்கள் அங்கே வாழ்ந்தார்கள். அவர்களுக்கு எண்ணெய் வருமானத்தில் வீடும் படிப்பும் மருத்துவமும் அரசு தந்தது. இங்கே கிணற்றுக்கு நிலம் விடுகிறவருக்குக் கிடைப்பது இழப்பீடு, பங்கு அல்ல. உதாரணம் காட்டுகிறவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்வதே இல்லை.

2020 பிப்ரவரியில் தமிழ்நாடு சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களோடு, கடலூர் மாவட்டத்தில் காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்களும் அதில் வந்தன. எண்ணெய், வாயு எடுக்கும் புதுத் திட்டங்களுக்கு அங்கே இடமில்லை. ஆனால் சட்டம் வருமுன் நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. பிரிந்துபோன மயிலாடுதுறையைச் சேர்க்க 2023-இல் அதே சட்டத்தைத் திருத்தினார்கள். சட்டமன்றம் ஓர் ஊரைச் சேர்த்த அதே வழியில் இன்னோர் ஊரை நீக்கவும் முடியும். சட்டத்தின் அட்டவணையில் தங்கள் வட்டாரமான காட்டுமன்னார்கோவில் இருக்கிறதா என்று லால்பேட்டைக்காரர்கள் அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது.