அட்டையில் பெண் பெயர்

என் அம்மா ஒரு மாத நாவலுக்கு எழுதிய வாசகர் கடிதம் அச்சில் வந்தது, அப்பாவின் பெயரில். யாரும் மாற்றவில்லை. அம்மாவே அப்படித்தான் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தாள். "கொலைகாரன் யாருன்னு பாதியிலேயே தெரிஞ்சிபோச்சின்னு ஒரு பொம்பள எழுதினா தெருவுல என்ன பேசுவாங்க?" என்றாள். அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஆலைகள் வராத காலம். எங்கள் தெருவைச் சுற்றி ஏரியும் வயலும்தான் இருந்தன.

எண்பதுகளும் தொண்ணூறுகளும் மாத நாவல்களின் காலம். 1969இல் வந்த 'ராணி முத்து' அதற்கு வழிபோட்டது. பிறகு 'மாலைமதி', ஜி. அசோகன் வெளியிட்ட 'பாக்கெட் நாவல்', 'க்ரைம் நாவல்' என்று வரிசையாக வந்தன. பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும். ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி எல்லாரும் எங்கள் தெருப் பெண்களுக்கு உறவுக்காரர்கள் மாதிரி. ஒரு பிரதி ஐந்து வீடு சுற்றும். சுற்றி முடிவதற்குள் கடைசித் தாள் கிழிந்துவிடும். முன்னால் படித்தவள் குழாயடியில் முடிவைச் சொல்வாள். அதை மறுத்து இன்னொருத்தி வேறு முடிவு சொல்வாள். ஆண்கள் இதை வெட்டிப்பேச்சு என்றார்கள். எனக்கு அது ஒரு விசாரணை மன்றமாகவே நினைவிருக்கிறது.

முனைவர் பட்ட ஆய்வுக்கு இந்த வாசகிகளைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். "குப்பையைக் கிளறாதேம்மா" என்றார் நெறியாளர். சங்க இலக்கியத்தில் ஒரு தலைப்பு வாங்கிக்கொண்டேன். அந்தத் தலைப்பின் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அன்று வாயை மூடிக்கொண்டது இன்றும் உறுத்துகிறது.

அந்த நாவல்களின் அட்டைகளை இப்போது எடுத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. சுஜாதா என்பது ரங்கராஜனின் மனைவி பெயர். புஷ்பா தங்கதுரை என்பவர் ஸ்ரீவேணுகோபாலன். இந்திரா சௌந்தர்ராஜனின் பெயரில் இருக்கும் இந்திரா அவருடைய அம்மா. சுபா என்பது சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு நண்பர்கள். இவர்கள்மேல் எனக்குக் குறையில்லை. அவரவருக்கு அவரவர் காரணம். ஆனால் கொலையும் துப்பும் இருந்த அட்டையில் பெண் பெயர் இருந்ததே தவிர, எழுதும் பெண் அநேகமாக இல்லை. ரமணிசந்திரனும் அனுராதா ரமணனும் காதல், குடும்பம் என்கிற அடுக்கில் இருந்தார்கள். கதைக்குள்ளும் இதே கணக்குதான். ரூபலாவும் சுசீலாவும் கெட்டிக்காரிகள். ஆனாலும் கடைசியில் எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததை விளக்குகிறவன் பெரும்பாலும் ஆண்.

தொடக்கத்தில் இப்படி இருக்கவில்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1901இல் பிறந்தார். அவருடைய குடும்பத்துக்கு ஊர் நீர்வளூர். இன்றைய காஞ்சிபுரம் மாவட்டம், எங்கள் பக்கம்தான். ஐந்து வயதில் கல்யாணம். பள்ளிக்கூடம் போகவில்லை. முதல் நாடகத்தை இவர் வாயால் சொல்ல, தோழி ஒருத்தி எழுதினாள். 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். அவருடைய 'வைதேகி' அதில்தான் தொடராக வந்தது. ஏறக்குறைய முப்பத்தைந்து ஆண்டுகள் இதழ் நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். 1932இல் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோது அங்கும் எழுதினார்.

ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் துப்பறியும் நாவல்களால் கொடிகட்டிப் பறந்த காலம் அது. கோதைநாயகியும் மர்மக் கதைகள், துப்பறியும் கதைகள் எழுதினார். குழந்தை மணம், வரதட்சிணை, விதவையின் நிலை என்று வீட்டுக்குள் நடக்கும் அநியாயங்களையும் எழுதினார். எழுத்தும் அவருடையது, இதழும் அவருடையது, அட்டையில் இருந்த பெயரும் அவருடையது. ஆனாலும் தமிழ்த் துப்பறியும் கதையின் வரலாற்றைச் சொல்கிறவர்கள் மூன்று ஆண்களைச் சொல்லிவிட்டு நேரே தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குப் போய்விடுகிறார்கள். கோதைநாயகியைப் 'பெண் எழுத்தாளர்கள்' என்ற அத்தியாயத்தில் உட்காரவைத்துவிடுகிறார்கள்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "நீர்வளூரா மேம்? எங்க பக்கத்து ஊரு. யாருமே சொன்னதில்லையே" என்றாள். அவளுடைய அக்கா கைப்பேசி ஆலைக்குப் போகிறவள். 2021 டிசம்பர் இரவை அவள்தான் நினைவுபடுத்தினாள். பூந்தமல்லிப் பக்கத்து விடுதியில் கெட்டுப்போன சாப்பாட்டால் 150க்கும் மேற்பட்ட தொழிலாளிப் பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. இறந்துவிட்டார்கள் என்று பேச்சு பரவியது. மற்ற பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். தோழிகள் எங்கே, அவர்களுக்கு என்ன ஆயிற்று, யார் பொறுப்பு என்று கேட்டார்கள். யாரும் சாகவில்லை என்பது பிறகு உறுதியானது. ஆனால் அந்தப் பதிலை வாங்க ராத்திரி முழுக்க ரோட்டில் உட்கார வேண்டியிருந்தது. அந்தப் பெண்களை வதந்திக்கு மயங்கியவர்கள் என்று சொன்னவர்களும் உண்டு.

எனக்குக் குழாயடி ஞாபகம் வந்தது. கடைசித் தாள் கிழிந்த கதையை விடாமல் கேட்டவர்களின் பேத்திகள் இவர்கள். பெண்கள் கூடிக் கேட்டால் வம்பு, ஆண் கேட்டால் துப்பு என்று நாம் பழகியிருக்கிறோம். மர்மக் கதை வாசகிகளின் வரலாறு எனக்கு முக்கியமாவது இதனால்தான்.

அம்மாவின் கடிதம் வந்த இதழ் இப்போது என்னிடம் இல்லை. பழைய பேப்பர்க்காரரிடம் போயிருக்கும். எங்காவது யார் கையிலாவது அது இருந்தால், கடிதத்தின் கீழ் இருப்பது அப்பாவின் பெயர். எழுதியது அம்மா. கொலைகாரனைக் கண்டுபிடித்ததும் அவள்தான்.