எல்லா டிஸ்க்கும் எடுக்குமா?

பர்மா பஜாரில் பிளேயர் வாங்க வந்தவர்கள் கடைக்காரரிடம் தவறாமல் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "இன்னாண்ணே, எல்லா டிஸ்க்கும் எடுக்குமா?" படம் எவ்வளவு துல்லியம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை வீட்டில் படம் பார்த்த வரலாற்றை இந்த ஒரு கேள்வியை வைத்தே எழுதிவிடலாம். எச்டி டிஸ்க் வந்தபோது அதே கேள்விக்கு இயந்திரம் வேறு பதில் சொன்னது. அந்தப் பதில் நம் சினிமாவின் ஞாபகத்தையும் தொடுகிறது.

முதலில் கடை எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 1962-இல் பர்மாவில் நெ வின் ராணுவ ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடங்களில் வணிகமெல்லாம் அரசுடைமை ஆனது. தலைமுறைகளாக ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழர்கள் கையில் கிடைத்ததோடு கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். 1969-இல் பீச் ஸ்டேஷனுக்கும் பாரிமுனைக்கும் நடுவே ராஜாஜி சாலையோரம் அவர்களுக்குப் பெட்டிக்கடைகள் கிடைத்தன. சுமார் இருநூறு கடைகள். சாலைக்கு அந்தப் பக்கம் துறைமுகம். வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்கு ஏகப்பட்ட கட்டுப்பாடு இருந்த காலம். கப்பலுக்குப் போகிறவர்கள் கொண்டுவந்த டேப் ரெக்கார்டரும் வாட்ச்சும் இங்கேதான் கை மாறின. அதில் சுங்கவரி கட்டியதும் உண்டு, கட்டாததும் உண்டு.

1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவுக்குக் கலர் டிவி வந்தது. பின்னாலேயே 'டெக்' வந்தது. வீசிஆர் என்று யாரும் சொல்லவில்லை. டெக்கையும் டிவியையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுத்து, தெருவில் பாய் விரித்து மூணு படம் போடுவார்கள். கல்யாணத்துக்கும் போடுவார்கள், கருமாதிக்கும் போடுவார்கள். டெக்கை வாங்கியவர்கள் குறைவு, பார்த்தவர்கள் அதிகம்.

வீட்டுக்கு வீடு இயந்திரம் வந்தது விசிடி காலத்தில். 1993-இல் பிலிப்ஸ், சோனி, ஜேவிசி, மட்சுஷிட்டா சேர்ந்து விசிடி தரத்தை வகுத்தன. அதே வருடம் சீனாவின் வான்யான் கம்பெனி முதல் விசிடி பிளேயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. படத்தின் அளவு வெறும் 352×288 புள்ளிகள். ஒரு டிஸ்க்கில் 74 நிமிடம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டோ மூன்றோ டிஸ்க் வேண்டும். இடைவேளை டைரக்டர் வைத்த இடத்தில் வராது, டிஸ்க் தீரும் இடத்தில் வரும்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தி. கணினித் தகவல் பதியும் சிடியில் கீறல் விழுந்தால் திருத்திக்கொள்ள ஒரு கூடுதல் அடுக்கு உண்டு. விசிடியில் படத்துக்கு இடம் போதாது என்பதற்காக அந்த அடுக்கை எடுத்துவிட்டார்கள். அதனால்தான் கீறல் விழுந்த விசிடியில் கட்டம் கட்டமாக வந்தது, "படம் நிக்குது" என்று வீடே கத்தியது. சீன பிளேயர்கள் இதற்குக் கண்ட வழி எளிமையானது: படிக்க முடியாததை விட்டுவிட்டு மேலே போ. பழுதுபார்க்கும் சக்தியையே அட்டைப்பெட்டியில் பெருமையாகப் போட்டு விற்றார்கள். பத்து வீடு சுற்றிவரும் வாடகை டிஸ்க்குக்கு அந்த மன்னிக்கும் குணம் அவசியம். எங்கள் பக்கத்துக்குச் சரியான பிளேயர் அதுதான்.

டிவிடி வந்தபோது பூட்டும் வந்தது. உலகத்தை ஆறு மண்டலமாகப் பிரித்தார்கள். இந்தியா 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஐரோப்பாவும் வளைகுடாவும் 2. ஒரு மண்டலத்துக்கான டிஸ்க் இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாது. ஆனால் தமிழ்ப் படத்துக்கு மண்டலம் எது? 1987-இல் லண்டனில் தொடங்கிய ஐங்கரன் போன்ற நிறுவனங்கள் புலம்பெயர்ந்தவர்களுக்காகத் தமிழ்ப் படங்களை வெளியிட்டன. ஒரு படத்தின் நல்ல பிரதி பல சமயம் லண்டனிலோ சிங்கப்பூரிலோ கிடைக்கும், வடசென்னையில் கிடைக்காது. சித்தப்பா சூட்கேஸில்தான் வரும். பஜார் கடைக்காரர் ரிமோட்டில் ஏதோ நாலு எண்ணைத் தட்டி மண்டலப் பூட்டைத் திறந்து கொடுப்பார். "எல்லா டிஸ்க்கும் எடுக்கும்ணே."

எல்லா டிஸ்க் என்பதில் திருட்டு டிஸ்க்கும் அடக்கம். அதை மறைக்க வேண்டியதில்லை. தயாரிப்பாளரின் முதல் முதல் லைட்மேனின் சம்பளம் வரை அதில் அடிபட்டது. 2004-இல் தமிழக அரசு குண்டர் சட்டத்தைத் திருத்தி வீடியோ திருட்டையும் அதில் சேர்த்தது. விசாரணை இல்லாமலே ஒரு வருடம் வரை உள்ளே வைக்கலாம். 2006-இல் அடுத்து வந்த அரசு 14 அங்குலக் கலர் டிவியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் ஒரிஜினல் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியது. சட்டம் சாதிக்காததில் கொஞ்சத்தை இந்த விலை சாதித்தது. ஒரிஜினல் டிஸ்க் வீட்டு ஷெல்ஃபுக்கு வந்தது அப்போதுதான்.

இந்த நேரத்தில்தான் எச்டி வந்தது. 2006-இல் தோஷிபாவின் எச்டி டிவிடியும் சோனி தரப்பின் ப்ளூரேயும் மோதின. 2008 பிப்ரவரியில் தோஷிபா விலகியது. ப்ளூரே ஒரு அடுக்கில் 25 ஜிபி கொள்ளும், 1920×1080 புள்ளிகள் காட்டும். விசிடியைப் போல இருபது மடங்கு. இவ்வளவும் சரி. ஆனால் பிளேயரின் குணம் மாறிவிட்டது. மண்டலம் மூன்றாகக் குறைந்தது, இந்தியா 'சி'. டிஸ்க்கில் உள்ள பூட்டுக்குச் சாவி பிளேயரின் மென்பொருளில் இருக்கும். புதுப்பிக்காவிட்டால் காசு கொடுத்து வாங்கிய புதுப் படம்கூட ஓடாமல் போகலாம். 2012 முதல் எல்லா ப்ளூரே பிளேயரும் 'சினேவியா' என்ற சோதனையைச் செய்ய வேண்டும் என்று ஆக்கினார்கள். சில ஹாலிவுட் படங்களின் ஒலிக்குள் ஒரு மறைகுறி இருக்கும். பிளேயர் அதைக் கேட்டுக்கொண்டே இருந்து, பிரதி என்று தெரிந்தால் சத்தத்தை நிறுத்திவிடும். நாம் படம் பார்க்கிறோம், இயந்திரம் நம்மைப் பார்க்கிறது.

இன்னொன்றும் நடந்தது. 2013-க்குப் பிறகு தயாரான பிளேயர்களில் ப்ளூரே படத்தை அனலாக் வழியாக வெளியே விடக்கூடாது என்றானது. பின்பக்கத்திலிருந்து மஞ்சள் பின் காணாமல் போய் எச்டிஎம்ஐ மட்டும் மிஞ்சியது. இலவச டிவி இருந்த வீட்டுக்குப் புது பிளேயரைக் கொண்டுபோனால் சொருக இடமே இல்லை. எங்கள் பக்கம் ப்ளூரே பரவாததற்கு விலை மட்டும் காரணமில்லை. அது நம் வீடுகளை யோசித்துச் செய்யப்பட்டதில்லை. எச்டி இங்கே பென்டிரைவில் வந்தது. கேள்வியில் ஒரு சொல் மட்டும் மாறியது: "எம்கேவி எடுக்குமா?"

சரி, இன்றைக்கு ஒருவர் பிளேயர் வாங்கலாமா? நான் வாங்கச் சொல்வேன். 2018-இல் ஆப்போ நிறுத்தியது. 2019-இல் சாம்சங் புது மாடல்களை நிறுத்துவதாக அறிவித்தது. மிச்சம் இருப்பதில் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். பழைய தமிழ் டிவிடிக்கள் பாலிலும் இருக்கும், என்டிஎஸ்சியிலும் இருக்கும். இரண்டையும் எடுக்குமா என்று கேளுங்கள். ப்ளூரேக்கும் டிவிடிக்கும் மண்டலம் திறந்ததா என்று தனித்தனியாகக் கேளுங்கள். 4கே டிஸ்க்குக்கு மண்டலமே கிடையாது.

வீட்டில் வைக்கும்போது பிளேயர் மெனுவில் '24பி' என்பதை ஆட்டோவில் விடுங்கள். காரணம் இருக்கிறது. சினிமா நொடிக்கு 24 சட்டம். பால் டிவிடியில் பெரும்பாலும் அதை 25 ஆக ஓட்டிவிடுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், பாட்டின் சுருதியும் சற்று ஏறும். அந்த டிவிடியில் கேட்டுப் பழகிய இளையராஜா பாட்டு, அவர் பதிவுசெய்த சுருதியில் இல்லாமல் இருந்திருக்கலாம். 24-இல் பதிந்த ப்ளூரே அதை அப்படியே தரும். டிவியில் ஓரம் வெட்டும் ஓவர்ஸ்கேனையும், அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். அந்த வழவழப்பில் சிவாஜியும் சீரியல் நடிகர் மாதிரி தெரிவார். எண்ணூர் பக்கம் என்றால் சாம்பலும் உப்புக்காற்றும் சேர்ந்து வரும். லென்ஸுக்கு மூடிய அலமாரி நல்லது, சூடு போக மட்டும் இடம் விடுங்கள்.

ஓடிடியில் எல்லாம் இருக்கிறதே, எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்கலாம். ஒப்பந்தம் முடிந்தால் படம் பட்டியலிலிருந்து போய்விடும், யாரும் சொல்லிவிட்டுப் போவதில்லை. தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931 அக்டோபர் 31 அன்று இதே வடசென்னையில், கினிமா சென்ட்ரலில் வெளியானது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டுத் திரும்பத் தியேட்டருக்கு வந்ததென்றால், அதற்கு யாரோ எங்கோ வைத்திருந்த பிலிம் காரணம். இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான சாதாரணப் படங்கள் இருக்கின்றன. அவற்றைப் புதுப்பிக்க யாரும் பணம் போடப்போவதில்லை. பலருக்கு அவற்றின் கைக்கெட்டும் பிரதி ஒரு முப்பத்து நாலு ரூபாய் டிவிடியாகத்தான் இருக்கும்.

டிஸ்க்கும் சாகும். அதன் பளபளப்பு அடுக்கில் காற்று பட்டால் கறுத்துவிடும். ஆனால் பல வீடுகளில் டிஸ்க் நன்றாக இருக்கும்போதே அதைப் படிக்கும் லேசர் போய்விடுகிறது. பரணில் டிஸ்க் பெட்டி இருந்தால் இறக்கிப் பாருங்கள். ஓடுவதை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்துவையுங்கள். பிளேயர் வாங்கப் போனால் பஜார்க்காரர்கள் கேட்ட அதே கேள்வியைக் கேளுங்கள். தேவை முன்பைவிட இப்போதுதான் அதிகம்.