ஆக்னெஸ் ரிக்டரின் சட்டை

ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில், பிரின்ஸ்ஹார்ன் சேகரிப்பில் ஒரு சின்ன மேற்சட்டை இருக்கிறது. மனநல விடுதியில் அடைபட்டவர்களுக்கான முரட்டு லினன் துணி அது, சாம்பல் நிறம். அதை வெட்டித் தன் உடம்பின் அளவுக்குத் தைத்து, அதன்மேல் நூலாலேயே எழுதியவர் ஆக்னெஸ் ரிக்டர்.

1844இல் பிறந்த ஆக்னெஸுக்குத் தையல்தான் பிழைப்பு. 1893இல் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். இரண்டே ஆண்டில் சாக்சனியின் ஹூபர்டஸ்பர்க் விடுதிக்கு மாற்றினார்கள். அதன்பின் அவருக்கு வெளியுலக வாழ்க்கை இல்லை, 1918இல் இறந்துபோனார்.

விடுதியில் எல்லோருக்கும் ஒரே துணி. சலவைக்குப் போன துணி யாருடையது என்று சொல்ல ஓர் எண். அவருடைய எண் 583. அந்த எண்ணையும் அவர் விடவில்லை. தன் கையாலேயே சட்டையில் தைத்தார். அதைச் சுற்றிச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று பல நிற நூல்களில், பழைய ஜெர்மன் கையெழுத்தில், வரி வரியாக எழுத்து. ஒரு வரியின் மேல் இன்னொரு வரி ஏறுகிறது. சட்டையின் உட்புறத்திலும், தோலில் உரசும் இடங்களில்கூட, எழுத்து. 'நான்', 'என்' என்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பல வரிகள் தேய்ந்துவிட்டதால் முழுக்கப் படிக்க முடியவில்லை.

படிக்க முடிந்த சொற்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கோ அந்த வெட்டும் தைப்பும் அதைவிடப் பெரிதாகப் படுகின்றன. தொழில் தெரிந்த கை அது. எவருக்கும் பொருந்தட்டும் என்று கொடுத்த துணியை ஒருத்திக்கு மட்டும் பொருந்தும்படி ஆக்கியிருக்கிறது. வியர்வைக் கறையும் இருக்கிறது. அவர் அதை உடுத்தி வாழ்ந்திருக்கிறார்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் என்ற மருத்துவர், மனநல விடுதிகளுக்கெல்லாம் கடிதம் எழுதி நோயாளிகளின் படைப்புகளைக் கேட்டு வாங்கினார். ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தன. 1922இல் அவர் எழுதிய நூல் ஐரோப்பிய ஓவியர்களை உலுக்கியது. அந்தச் சேகரிப்பில்தான் இந்தச் சட்டையும் தப்பிப் பிழைத்தது. தன் துணிகள் எல்லாவற்றிலுமே ஆக்னெஸ் தன் வாழ்க்கையைத் தைத்துவந்தார் என்று விடுதிக்காரர்கள் குறித்திருக்கிறார்கள். நமக்குக் கிடைத்தது இந்த ஒன்றுதான்.