செலெரான் 300ஏ

செலெரான் 300ஏ என்பது இன்டெல் நிறுவனம் 1998 ஆகஸ்டில் வெளியிட்ட மேசைக்கணினிச் செயலி. விலை குறைந்த கணினிகளுக்கென உருவாக்கப்பட்ட இது ஓவர்கிளாக்கிங் வரலாற்றில் தனியிடம் பெற்றது. தயாரிப்பாளர் குறித்த வேகத்துக்கு மேல் ஒரு செயலியை இயக்குவதே ஓவர்கிளாக்கிங்.

பஸ் வேகத்தைப் பெருக்கெண்ணால் பெருக்கினால் செயலியின் வேகம் கிடைக்கும். 300ஏ-யின் பஸ் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5. மெதுவான செயலிகளின் மேல் கூடுதல் வேகத்தை அச்சிட்டு விற்கும் மோசடி அன்று இருந்தது. பெருக்கெண்ணை இன்டெல் பூட்டி வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் பஸ் வேகத்தைத் தீர்மானித்தது தாய்ப்பலகை. அதை 100 ஆக உயர்த்தியதும் 300ஏ 450 மெகாஹெர்ட்சில் ஓடியது. ஏபிட் பிஎச்6 தாய்ப்பலகையில் இதைப் பயாஸ் திரையிலேயே மாற்ற முடிந்தது.

அதே மாதம் வந்த 450 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 2-இன் விலை 669 டாலர். 300ஏ-யின் விலை 149 டாலர். முதல் செலெரான்களில் இரண்டாம் நிலை கேஷ் நினைவகம் இல்லை. 300ஏ-யில் 128 கிலோபைட் கேஷ் சில்லுக்குள்ளேயே அமைந்து முழு வேகத்தில் இயங்கியது. பென்டியம் 2-இன் 512 கிலோபைட் கேஷ் பாதி வேகத்திலேயே இயங்கியது. ஆகவே பல பயன்பாடுகளில் இரண்டும் ஏறத்தாழச் சமமாயின.

எல்லாச் சில்லுகளும் இந்த வேகத்தைத் தாங்கவில்லை. வேகம் கூடினால் வெப்பம் கூடும். மின்னழுத்தத்தையும் கூட்டினால் அதன் வர்க்கத்துக்கு ஏற்ப மேலும் கூடும். வெப்பம் செயலியின் ஆயுளைக் குறைக்கும். கோடையில் அறையே சூடாகிவிடும் தமிழ்நாடு போன்ற இடங்களில் நல்ல மின்விசிறி இன்றி இதைச் செய்வது ஆபத்து.

2010-இல் பெருக்கெண் பூட்டப்படாத கே வகைச் செயலிகளை இன்டெல்லே விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டு வந்த சாண்டி பிரிட்ஜ் செயலிகளில் பஸ் வழியும் பெரும்பாலும் அடைபட்டது. மலிவான செயலியில் செலவின்றிக் கிடைத்த வேகம் அதன்பின் விலை கொடுத்து வாங்கும் வசதியானது.