சொந்தத்தில் கல்யாணம்: மரபணு எச்சரிக்கலாம், அரசு தடுக்கலாமா?

மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக ஊட்டிக்குப் போயிருந்தால், நஞ்சன்கூட்டை நீங்கள் கடந்திருப்பீர்கள். கபினிக் கரை, ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில், ரசபாளே வாழைப்பழம் என்றுதான் அந்த ஊர் பலருக்கும் தெரியும். அதே தாலுகாவில் ஹுள்ளஹள்ளி என்று ஓர் ஊர். மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் அங்கே ஒரு சேவை மையம் நடத்திவருகிறது. பச்சிளங்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிப்பவர்கள், பெற்றோரிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளில் ஒன்று: "நீங்க சொந்தத்துல கல்யாணம் பண்ணினவங்களா?"

ஒரு மருத்துவர் இதைக் கேட்பதில் தவறில்லை. ஆனால் இதே கேள்வியை அரசாங்கம், அதுவும் கல்யாணத்துக்கு முன்பே கேட்டால்? விடையைப் பார்த்து "வேண்டாம்" என்று சொன்னால்?

இது ஏன் நம்ம கதை?

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றின்படி (2019-21), இந்திய அளவில் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்கள் சுமார் 11 சதவீதம். தமிழ்நாட்டில் 28, கர்நாடகத்தில் 27. அத்தை மகன், மாமன் மகள், சில குடும்பங்களில் அக்காள் மகளுக்குத் தாய்மாமன். நமக்கு இது "முறை". வட இந்திய நண்பரிடம் சொன்னால் அதிர்ச்சி அடைவார்.

பெங்களூரிலும் மைசூரிலும் 1980களில் பிறந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு குழந்தையின் பெற்றோர் சொந்தக்காரர்களாக இருந்தார்கள்.

சொந்தத்துல கட்டினா என்ன ஆகும்?

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று அம்மாவிடமிருந்து, ஒன்று அப்பாவிடமிருந்து. பல நோய்களில் ஒரு பிரதி பழுதானாலும் மற்றது சமாளித்துவிடும். அப்படிப்பட்டவர் "கேரியர்", அவருக்கு நோய் இருக்காது, விஷயமே தெரியாமல் வாழ்ந்துவிடலாம். கணவனும் மனைவியும் ஒரே பழுதின் கேரியராக இருந்தால்தான் சிக்கல்: ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். பிறவியிலேயே வரும் காது கேளாமையில் பல வகைகள் இப்படித்தான் வருகின்றன.

ஒரே தாத்தா பாட்டியின் பேரனும் பேத்தியும் கட்டிக்கொண்டால், அந்தத் தாத்தாவிடம் இருந்த பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கு இதுதான்: அத்தை மகன், மாமன் மகள் தம்பதிக்குப் பிறக்கும் குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக 16-இல் ஒரு பங்கு, இரு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த பிரதியாக இருக்கும். தாய்மாமன் திருமணத்தில் அது 8-இல் ஒரு பங்கு.

அப்ப ரிஸ்க் எவ்வளவு?

யாரைக் கட்டினாலும், பெரிய பிறவிக் குறைபாட்டுக்கான வாய்ப்பு பொதுவாக 2 முதல் 3 சதவீதம் உண்டு. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அதற்கு மேல் சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடுகிறது என்று அமெரிக்க மரபணு ஆலோசகர்கள் 2002-இல் மதிப்பிட்டார்கள். அதாவது வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. ஆனாலும் 100-இல் 90-க்கு மேல் குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். தாய்மாமன் உறவிலும், தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிய குடும்பங்களிலும் ரிஸ்க் இதைவிடக் கூடும்.

"ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் பாட்டியும் முழுக்கச் சரியில்லை, "கட்டாயம் ஊனம்தான்" என்று பயமுறுத்தும் வாட்ஸ்அப்பும் சரியில்லை.

சொந்தம் இல்லைன்னா சேஃபா?

ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜும், ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் இணைந்த குழு 2017-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தெற்காசியாவின் 263 சமூகக் குழுக்களைப் பார்த்ததில், 81 குழுக்களின் மரபணு வட்டம் பின்லாந்து மக்களையும் அஷ்கெனாசி யூதர்களையும்விடக் குறுகலாக இருந்தது. அந்த இரண்டும் மரபணு நோய்களுக்குப் பாடப்புத்தகத்தில் காட்டப்படும் உதாரணங்கள். நம் பக்கத்துக் காரணம் தெரிந்ததுதான்: நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே கல்யாணம்.

மேட்ரிமோனி தளத்தில் முன்பின் தெரியாத ஒருவரைத் தேர்ந்தெடுத்தாலும், "சாதி" என்ற கட்டத்தை நிரப்பித்தான் தேடுகிறீர்கள் என்றால், மரபணு அளவில் அது தூரத்துச் சொந்தமாகவே இருக்கலாம். அத்தை மகளைக் கட்டுவதை மட்டும் பிற்போக்கு என்று சொல்லிவிட்டுச் சாதிக்குள் கட்டுவதை இயல்பு என்று நினைத்தால், கணக்கில் பாதியை விட்டுவிட்டோம்.

சரி, அரசே தடை போட்டுடலாமே?

இந்து திருமணச் சட்டம் (1955) நெருங்கிய உறவுகளில் திருமணத்தைத் தடுக்கிறது; ஆனால் வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்கிறது. நம் முறைத் திருமணங்கள் அந்த விதிவிலக்கில்தான் நிற்கின்றன. அதை நீக்கிவிடலாமா என்று கேட்பவர்கள் பழைய கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நஞ்சன்கூடு அப்போது மைசூர் சமஸ்தானத்தில் இருந்தது. அந்த அரசு 1930-இல் கருத்தடை கிளினிக்குகளைத் திறந்தது. உலகிலேயே ஓர் அரசு நடத்திய முதல் கருத்தடை கிளினிக்குகள் என்று இவை குறிப்பிடப்படுகின்றன. பெண்கள் விரும்பினால் வந்து ஆலோசனை பெறலாம் என்ற அளவில் அது நல்ல காரியம். ஆனால் அதே காலத்தில், "தகுதியானவர்கள் மட்டுமே பெற்றுக்கொள்ளட்டும்" என்ற இனமேம்பாட்டுச் சிந்தனையும் உலகெங்கும் செல்வாக்கோடு இருந்தது. ஜெர்மனி 1933-இல் கொண்டுவந்த சட்டம், பரம்பரையாகக் காது கேளாதவர்களையும் கட்டாயக் கருத்தடைப் பட்டியலில் சேர்த்தது. சுமார் 4 லட்சம் பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. ஹுள்ளஹள்ளியில் இன்று எந்தக் குழந்தைக்குக் காதுகேட்கும் கருவி தருகிறார்களோ, அதே குழந்தையின் வருகையைக் குற்றமாகப் பார்த்த சட்டம் அது.

அந்தக் காலத்திலேயே பெரியார் ஒரு கோடு கிழித்தார். நாட்டின் வறுமைக்காக, தாயின் உடல்நலத்துக்காக, சொத்து சிதறாமல் இருப்பதற்காக என்று மற்றவர்கள் கருத்தடை பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றார். கருவி ஒன்றுதான், அது யார் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு.

நெருக்கடி நிலைக் காலத்தில் அந்தக் கை மாறியது. 1976-77-இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அதில் 1,774 பேர் இறந்ததாக ஷா கமிஷன் பதிவு செய்தது. இலக்கு நிர்ணயித்த அதிகாரிக்கு எண்ணிக்கை தெரிந்தது, ஆள் தெரியவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், ஒரே முகாமில் 83 பெண்களுக்கு அவசர அவசரமாக அறுவை நடந்தது. அதை ஒட்டி 13 பெண்கள் இறந்தார்கள். இத்தகைய முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டது.

இப்ப ஏன் இது பேசப்படுது?

இரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் சிக்கிள் செல் நோயை 2047-க்குள் ஒழிக்க, 2023 ஜூலை 1 அன்று மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. 17 மாநிலங்களில், பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை செய்வது இலக்கு. இந்தியாவில் இந்த நோய் முதலில் பதிவானது 1952-இல், நஞ்சன்கூட்டிலிருந்து மலையேறினால் வரும் நீலகிரியில்தான்.

பரிசோதித்தவர்களுக்கு ஒரு கார்டு தரப்படுகிறது. இருவரும் கேரியர் என்றால் திருமணத்துக்கு முன் யோசிக்கலாம் என்பது ஆலோசனை. நோக்கம் நல்லதே, வலி தாங்காமல் துடிக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் ஜாதகம் கேட்பதுபோல் கார்டு கேட்டு, முழு ஆரோக்கியமாக இருக்கும் கேரியர் பெண்ணை எல்லா வரனும் தட்டிக்கழித்தால்? நோயை ஒழிக்கிறோம் என்ற பெயரில் நோயாளிகள் பிறப்பதைத் தடுப்பதிலேயே கவனம் போய், ஏற்கெனவே பிறந்தவருக்கு ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்காமல் போனால்? அது பொது சுகாதாரம் ஆகாது.

வேற வழி இருக்கா?

சைப்ரஸில் தலசீமியா அதிகம். அங்கே தேவாலயத் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழ் கேட்கிறார்கள், கல்யாணத்தைத் தடுப்பதில்லை. இருவரும் கேரியர் என்று தெரிந்தும் பெரும்பாலானவர்கள் கட்டிக்கொண்டார்கள். கர்ப்பகாலப் பரிசோதனை போன்றவற்றைத் தாங்களே முடிவு செய்தார்கள். 1983-இல் நியூயார்க்கில் தொடங்கிய டோர் யெஷோரிம் என்ற யூத அமைப்பு, யார் கேரியர் என்பதையே வெளியிடுவதில்லை. இந்த இருவர் பொருந்துவார்களா என்று மட்டும் சொல்லும். அதனால் யார்மேலும் முத்திரை விழுவதில்லை. சைப்ரஸின் கட்டாயச் சான்றிதழைக் கேள்வி கேட்கலாம். ஆனால் முடிவு சம்பந்தப்பட்டவர்களிடமே இருக்கிறது.

நீங்க என்ன செய்யலாம்?

• சொந்தத்தில் பேச்சு நடக்கிறதா? இரு பக்கமும் மூன்று தலைமுறைக் குடும்ப வரைபடம் எழுதுங்கள். காது கேளாமை, சிறுவயது மரணம், வளர்ச்சிக் குறைபாடு இருந்தால் மறைக்காமல் குறியுங்கள். அதை எடுத்துக்கொண்டு மரபணு ஆலோசகரைப் பாருங்கள்.

• யாரைக் கட்டினாலும், தலசீமியா, சிக்கிள் செல்லுக்கான ஹீமோகுளோபின் பரிசோதனையை இருவரும் சேர்ந்து செய்யுங்கள். பெண்ணை மட்டும் அனுப்பாதீர்கள்.

• குழந்தை பிறந்ததும் காது பரிசோதனை கேளுங்கள். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் கருவி அல்லது பயிற்சி என்பது கணக்கு.

• ரிசல்ட் உங்களுடையது. வேலையிடத்துக்கோ, வரன் பார்க்கும் உறவினருக்கோ காட்ட வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் மட்டும் மறைக்காதீர்கள்.

இனி எந்த அரசுத் திட்டம் வந்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா? என் விவரம் யார் கையில் இருக்கும்? இதையும் மீறிப் பிறக்கும் குழந்தைக்கு என்ன ஏற்பாடு? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத திட்டத்தை, அதன் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், சந்தேகத்தோடு பாருங்கள்.